சாவி யாரிடம் இருந்தது? காரைக்குடி வாசகியர் வட்டத்தில் ஒரு துப்பறியும் கதை

காரைக்குடியில் நாங்கள் சில பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடிப் படிக்கிறோம். துப்பறியும் கதைகள்தான், அதிலும் பெண்கள் எழுதியவை. இது ஐந்தாவது வருடம். பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். முகூர்த்த மாதங்களில் 6 பேர் வந்தாலே பெரிய கூட்டம். படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் போன வருடம் எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு கதை எப்படிப் பிறந்தது, எங்கே இடறியது, யார் யார் கைபட்டு நிமிர்ந்தது என்பதை முடிந்தவரை விவரமாக இங்கே எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். சின்ன ஊர், ஒரு சொல் சேர்த்துச் சொன்னாலும் ஆள் தெரிந்துவிடும்.

வளவு

நாங்கள் கூடும் இடம் ஓர் ஆச்சியின் பெரிய வீட்டு வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி. செட்டிநாட்டு வீட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தூண்களும் பர்மாத் தேக்கும் தெரியும். உள்ளே போனால் அது ஒரு கணக்கு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். பிள்ளைகள் கல்யாணமாகித் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், ஆனதும் ஆளுக்கோர் அறை, அறைக்கொரு பூட்டு. நகையும் பத்திரமும் சீர்ப் பாத்திரமும் அந்தந்த அறைக்குள். பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்ட பிறகும் பங்கு போவதில்லை. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு கல்யாணத்துக்கோ, அறுபதாம் கல்யாணமான சாந்திக்கோ, முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ திறக்கும். அன்றைக்கு நாற்பது ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருப்பார்கள்.

அகதா கிறிஸ்டி காலத்து ஆங்கிலக் கதைகளில் ஊருக்கு வெளியே ஒரு மாளிகை வரும். விருந்துக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர் கொலையாளி. அந்தப் பத்துப் பேரையும் ஓரிடத்தில் சேர்ப்பதற்கே ஆசிரியர் பாடுபட வேண்டியிருக்கும். நம் வளவில் அதற்கு வேலையே இல்லை. முறை சொல்லி அழைத்தால் பேசாத பங்காளியும் வந்து நிற்பார். ஒவ்வொருவருக்கும் பூட்டிய அறை இருக்கிறது, ஒவ்வொரு அறைக்கும் பழைய மனத்தாங்கல் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகள் ஊர் ஊராக நிற்கும் மண்ணில் துப்பறியும் கதை இன்னும் எவ்வளவோ விளைந்திருக்க வேண்டும் என்று நான் நெஞ்சாரச் சொல்வேன்.

எங்கள் ஆச்சி எங்களுக்கு இடம் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. "மாசத்துல நாலு நாள் மனுஷ மூச்சுப் பட்டாத்தான் வீடு நிக்கும்" என்றார். அவர் அடுத்த தெருவில் சின்ன வீட்டில் இருக்கிறார். பெரிய வீட்டைத் திறந்து, கூட்டி, ஆத்தங்குடிக் கல் பளபளக்கத் துடைத்து வைப்பவர் வேறொருவர். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்போம். 22 வருடமாக அந்த வீட்டு முகப்புச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பார், வேகம் வராது. அதனால் வாசிப்பு நடக்கும்போது தூணோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ கேட்பார். நான்கு மணிக்கு இடைப்பலகாரம் வரும். பெரும்பாலும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். முதல் நான்கு வருடம் அக்காவை நாங்கள் வட்டத்தில் சேர்த்து எண்ணியதே இல்லை. வாசிக்கிறவர்களை மட்டும் எண்ணினோம். அது எங்கள் பிழை. இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளியே அந்தப் பிழைதான்.

எங்களுக்கு முன்னால் படித்தவர்கள்

தமிழில் துப்பறியும் கதை என்றதும் ஆண் பெயர்கள்தான் வாயில் வரும். எங்கள் பக்கத்துக்கே ஒருவர் இருக்கிறார். 1926இல் தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலை எங்கள் அப்பாக்கள் தலைமுறை மனப்பாடமாகச் சொல்லும். பிறகு எண்பதுகளில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தோரணம் கட்டித் தொங்கின. அவற்றை வாடகை நூலகத்தில் எடுத்து, அடுப்படியில் வைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, பின் அட்டை கிழியும்வரை படித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது அந்தக் காலத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதும் பெண்களைக் 'குடும்ப நாவல்' என்ற பலகையின் கீழ் உட்காரவைத்துவிட்டார்கள். குடும்பத்துக்குள் குற்றமே நடக்காது என்பதுபோல.

இதற்கு முன்னாலேயே வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். 1901இல் பிறந்து 1960இல் மறைந்தவர், 115 நாவல்கள் எழுதியவர், அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு. 1925இலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். அவரைப் பற்றி நான் வட்டத்தில் அடிக்கடி சொல்வது ஒரு விஷயம்தான். ஆரம்பத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. தோழிகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார். முதல் படைப்பை அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். தமிழில் பெண் எழுத்தின் அந்தத் தொடக்கத்தில் ஒருவர் சொல்கிறார், ஒருவர் எழுதுகிறார், நாலு பேர் கேட்கிறார்கள். தூணோரத்து அக்காவை நினைத்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

வெளியில் பார்த்தாலும் இதேபோல ஒன்று தெரிகிறது. அன்னா கேத்தரின் கிரீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1878இலேயே துப்பறியும் நாவல் வெளியிட்டுப் பெரும் வரவேற்புப் பெற்றார். ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சில் வந்தது 1887இல். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். 1920இல் வந்த முதல் நாவலில் நஞ்சைப் பற்றி அவர் எழுதியிருந்த விதத்தை மருந்தாளுநர்களின் இதழே பாராட்டியது. இங்கிலாந்தின் பி.டி. ஜேம்ஸ் மருத்துவமனை நிர்வாகத்திலும் பிறகு உள்துறையிலும் வேலை பார்த்தவர். அலுவலகம் போகுமுன் விடியற்காலையில் எழுதுவார், முதல் நாவல் வந்தபோது வயது 42. வேலை செய்த கை எழுதிய கதைகள் இவை. 1986இல் சாரா பாரெட்ஸ்கி முன்னின்று அமெரிக்காவில் பெண் குற்றக்கதை எழுத்தாளர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். பத்திரிகை மதிப்புரைகளில் பெண்கள் எழுதியவை எத்தனை, ஆண்கள் எழுதியவை எத்தனை என்று அவர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். ஆதங்கத்தை எண்ணிக் காட்டினால் யாரும் தட்ட முடியாது. எங்கள் வட்டத்தில் கணக்கு எழுதும் பெண்மணிக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்தது.

அம்பை எழுதிய சுதா குப்தா கதைகளையும் சேர்த்துப் படித்தோம். மும்பையில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே துப்பறியும் தொழில் செய்யும் பெண். அந்தக் கதைகளை முடித்த அன்றைக்குத்தான் கணக்கு எழுதும் பெண்மணி, "டீச்சர், நானும் ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

முதல் படி

அவர் தேவகோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கர். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். தகப்பனார் வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கிக் கணக்குப்பிள்ளையானவர். ஐந்தொகை எடுத்து இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் சாப்பிடுவாராம். மதினிக்கும் அந்தப் பிடிவாதம் இருக்கிறது. காரைக்குடிக்கு வரும் பேருந்தில் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதினார். ஆறு வாரத்தில் கதையின் முதல் படி வந்தது.

கதை இது. சென்னையில் வாழும் தம்பதிக்குச் சாந்தி. செட்டிநாட்டு நகரத்தார் சமூக வழக்கப்படி கல்யாணத்தில் பூட்டிய கழுத்திருவைச் சாந்தியிலும் அணிய வேண்டும். கழுத்திரு என்பது திருமாங்கல்யமும் ஏத்தனம், உரு என்ற தங்க உருப்படிகளும் சேர்ந்த பெரிய நகை, 21 இழை முறுக்கி மஞ்சள் தோய்த்த கயிற்றில் கோத்தது. அது ஊர் வீட்டு அறையில் இரும்புப் பெட்டிக்குள் 11 வருடமாக இருக்கிறது. சாந்திக்கு நல்ல நாள் பார்த்துப் பழைய கயிற்றை எடுத்துப் புதுக் கயிற்றில் கோக்கப் போகிறார்கள். பெட்டியைத் திறந்தால் எல்லா உருப்படியும் இருக்கிறது, எண்ணிக்கை சரி. எடை மட்டும் குறைகிறது. தங்கத்தை எடுத்துவிட்டுக் கவரிங் கோத்து வைத்திருக்கிறார்கள்.

முகப்புச் சாவி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம். போலீஸ் வருகிறது, அவளை இரவோடு இரவாக ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறது. கடைசி மருமகள்தான் உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். 11 வருடம் கிடந்த கயிறு வெளுத்திருக்க வேண்டும், இதுவோ பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது. யாரோ சமீபத்தில் மாற்றிக் கோத்திருக்கிறார்கள் என்கிறாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் சாந்திக்காரரின் தம்பியான, கடனில் மூழ்கிய கொழுந்தனாரிடம் போய் நிற்கிறது.

கொழுந்தனார் கணக்கை மதினி அழகாகப் போட்டிருந்தார். பழைய கயிற்றை எப்படியும் கழற்றி ஆற்றில் விடப்போகிறார்கள், அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் நினைப்பு. கயிறு கோப்பது பெண்கள் பார்க்கும் காரியம். ரகசியமாகச் செய்ததால் எந்தப் பெண்ணிடமும் உதவி கேட்க முடியாமல் அவரே கோத்தார், முடிச்சு முறைப்படி விழவில்லை. இந்த இடம் எனக்குச் சிலிர்த்தது. கெட்டிக்காரத் திருடன் ஒரு முடிச்சில் மாட்டுகிறான், அந்த முடிச்சைப் பார்க்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் மதிக்காத மருமகள்.

எல்லாரும் கைதட்டினோம். கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கயிறு

கைதட்டாமல் இருந்தவர் ஒருவர். கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பத்துப் பெண். கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 ஆகஸ்டில். அதே சமயத்தில் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. சேலையும் பூட்டும் ஒன்றாக அங்கீகாரம் வாங்கிய செய்தியை அன்றைக்கு நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். இந்தக் கதையிலும் நூலும் பூட்டும்தான் மோதுகின்றன.

"மதினி, மஞ்சள் வெயில்லதான் போகும்" என்றார் அவர். "இரும்புப் பெட்டிக்குள்ள வெளிச்சமே படாது. பதினொரு வருஷம் ஆனாலும் பாதிக்கு மேல மஞ்சளாத்தான் இருக்கும். இத வெச்சுக் கண்டுபிடிச்சான்னா நான் நம்ப மாட்டேன்."

மதினி முகம் வாடிப்போனது. ஆனால் கணக்குத் தப்பு என்றால் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அவர் வெள்ளை நூல் கொண்டுவந்தார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து 21 இழை சேர்த்து முறுக்கி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து எடுத்தோம். ஒரு துண்டை மாடியில் வெயிலில் கட்டினோம். இன்னொன்றை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி ஆச்சி அறைக்குள் வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மாடிக் கயிறு பழைய திரிபோல வெளுத்துக் கிடந்தது. டப்பாவுக்குள் இருந்தது நேற்றுத் தோய்த்தது மாதிரி இருந்தது. மஞ்சளின் நிறத்துக்கு வெளிச்சம்தான் பகை. கதையின் முதுகெலும்பு உடைந்தது.

அதைச் சேர்த்துவைத்தது ஆச்சியின் விரல். யாரும் திட்டமிட்டதில்லை. டப்பாக் கயிற்றை வெளியே எடுத்து ஆளாளுக்குக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி அப்போதுதான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரலைத் துடைக்காமல் கயிற்றை வாங்கி முடிச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார். முடிச்சின் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுக்குச் செவ்வென்று சிவந்திருந்தது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்ன டீச்சர் பாக்குறீக? குங்குமம் இப்படித்தானே செய்வாக" என்றார் ஆச்சி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டு கரைக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் 14 பேருக்கும் தெரியும். தெரிந்தது துப்பு ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதினி கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனார் முதல் படியிலேயே வெற்றிலைப் பெட்டியும் கையுமாக வருகிறவர். அதை மதினி சும்மா ஒரு அழகுக்கு எழுதியிருந்தார். இப்போது அது தானாக வந்து பொருந்தியது. முடிச்சில் ஒரு சிவப்பு. குடும்பத்தில் எல்லாரும் அதைக் குங்குமம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மருமகள் மட்டும் அதை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். குங்குமம் என்றால் விரலில் ஒட்டும், இது நூலோடு ஊறிப்போயிருக்கிறது. அந்தச் சிவப்பு நாளாக நாளாக என்னவாகும் என்று எங்கள் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் கேட்டார். மறுபடியும் டப்பாவில் போட்டு அடுத்த மாதம் திறந்தோம். சற்று மங்கிக் காவி நிறமாகியிருந்தது, ஆனாலும் இருந்தது. கதையிலும் 'காவி படிந்த சிவப்பு' என்று மதினி மாற்றிக்கொண்டார்.

மருந்தகத்தில் நின்ற பெண்ணுக்கு நஞ்சு தெரிந்ததுபோல, வளவில் உட்கார்ந்த பெண்களுக்கு மஞ்சள் தெரிகிறது. அடுப்படி அறிவு, பூஜை அறை அறிவு என்று ஒதுக்கிவைத்த எல்லாம் தடயவியல்தான். அதை அப்படிப் பயன்படுத்திப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம்

அடுத்த அடி எங்கள் வட்டத்து வழக்கறிஞரிடமிருந்து வந்தது. கதையில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரப் பெண்ணை இரவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார்களே, அது நடக்கக் கூடாத காரியம் என்றார். விசாரணைக்காக ஒரு பெண்ணை அவள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு வரச் சொல்ல முடியாது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யவும் முடியாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் காவல் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179, 43 ஆகிய பிரிவுகளில் தொடர்கிறது.

"அப்ப போலீஸ் சட்டத்த மீறுதுன்னு எழுதட்டுமா?" என்று மதினி கேட்டார். எழுதலாம், ஆனால் அப்படி என்றால் மீறல் என்று தெரிந்து எழுத வேண்டும், தெரியாமல் எழுதினால் படிக்கிறவள் அதுதான் நியதி என்று நினைத்துக்கொள்வாள் என்றார் வழக்கறிஞர். இந்தப் பதிலை நான் எங்கள் வாசிப்புக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

மதினி காட்சியை மாற்றினார். ஸ்டேஷன் போனது, வளவு வந்தது. பெண் காவலர் முன்னிலையில், பங்காளிகள் அத்தனை பேரும் தாழ்வாரத்தில் நிற்க, அவள் 22 வருடம் துடைத்த தரையில் அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். சட்டத்துக்காகச் செய்த திருத்தம் கதையைப் பல மடங்கு உயர்த்திவிட்டது. ஸ்டேஷன் சுவருக்குள் நடந்திருந்தால் கொழுந்தனார் முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

வழக்கறிஞர் இன்னொன்றும் சொன்னார். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடினால் 305, 7 ஆண்டு வரை. வேலைக்காரர் முதலாளி பொருளைத் திருடினால் அதற்கென்றே தனியாக 306, அதுவும் 7 ஆண்டு வரை. வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 381 என்று இருந்ததுதான் எண் மாறி வந்திருக்கிறது. நம்பி ஒப்படைத்ததற்குத் துரோகம் செய்தால் தண்டனை கூடுதல் என்பதில் நியாயம் இருக்கலாம். அதே வீட்டில் அண்ணன் நகையைத் தம்பி எடுத்தால் அது நம்பிக்கைத் துரோகம் இல்லையா என்று செவிலியர் கேட்டார். அன்றைக்கு வாக்குவாதம் விளக்கு வைக்கும் நேரம்வரை போனது.

அக்கா

அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் அக்கா வாய் திறந்தார். நான்கு வருடத்தில் ஒரு கதையைப் பற்றி அவர் கருத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.

"சாவி எங்கிட்ட இருக்குன்னா, ஏதாச்சும் காணாமப் போனா களவாணிப் பட்டமும் எங்கிட்டத்தான் இருக்கு. அது புதுசா வர்றது இல்ல. சாவி வாங்குன அன்னிக்கே சேத்துத்தான் வாங்குறோம்."

யாரும் பேசவில்லை. பூக் கட்டும் கை நிற்காமல் அவர் தொடர்ந்தார். விசேஷம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அவர் ஒவ்வொரு அறையையும் வீட்டுக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டுதான் பூட்டுவாராம். ஒரு டம்ளர் கணக்குக் குறைந்தாலும் அவர்கள் ஊருக்குப் போவதற்குள் தேடிக் கண்டுபிடித்துக் காட்டிவிடுவாராம். 22 வருடமாகத் தன் மேல் சந்தேகம் வராமல் இருக்க அவர் நடத்திவரும் துப்பறியும் வேலை அது. கதையில் அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் அழுதுகொண்டு நிற்கிறாள், மருமகள் வந்து காப்பாற்றுகிறாள். "அவளுக்கா தெரியாது? கொழுந்தனாரு எந்தத் தேதியில ராத் தங்குனாருன்னு அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

ஆச்சி அக்காவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. இருவரும் அவ்வளவு வருடம் ஒரே வீட்டைக் காத்தவர்கள். "ஏந்தாயி, எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார். அக்கா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அதன்பிறகு மதினி செய்தது முழு மாற்றம். மருமகள் ஒருத்தியே கண்டுபிடிப்பது போய், இரண்டு பெண்கள் சேர்ந்து கண்டுபிடிப்பதாக ஆனது. மருமகள் கயிற்றைப் படிக்கிறாள், காவல்காரப் பெண் வீட்டைப் படிக்கிறாள். எந்த இரவு எந்த அறையில் விளக்கு எரிந்தது, மறுநாள் முற்றத்தில் வெற்றிலைச் சாறு எங்கே கிடந்தது என்பதெல்லாம் அவள் மனத்தில் பேரேடு மாதிரி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதால்தான் அவள் சொல்லவில்லை. விசாரிக்கிறவர்கள் அவளிடம் கேட்பதெல்லாம் "நீ எடுத்தியா?" என்ற ஒரு கேள்வி. "நீ என்ன பார்த்தாய்?" என்று முதலில் கேட்பவள் மருமகள். கதை அந்த இடத்தில் திரும்புகிறது.

நான் பார்த்தவரை பெண்கள் எழுதும் நல்ல குற்றக் கதைகளுக்கு இதுவே உயிர். யார் செய்தார் என்பதோடு யார் மேல் பழி முதலில் விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்பதையும் விசாரிக்கும். அந்த விசாரணையை எழுதுகிறவர் தனியாகச் செய்தால் தன் கண்ணுக்குத் தெரிந்தவரைதான் போக முடியும். மதினிக்குக் கணக்கு தெரிந்தது, தூணோரம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு விதி

இடையில் ஒரு ஞாயிறு வேறொரு பேச்சு வந்தது. பக்கத்துக் கிராமத்தில் சில வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். அதைக் கதையாக்கலாம் என்றார் ஒரு உறுப்பினர். செவிலியர் உடனே மறுத்தார். அந்தப் பெண்ணின் தாயார் இன்னமும் சந்தைக்கு வருகிறார், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இங்கே உட்கார்ந்து யார் செய்திருப்பார் என்று புதிர் போட என்னால் முடியாது என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: உயிரோடு துக்கம் சுமப்பவர்கள் இருக்கும் சாவை எடுக்க மாட்டோம். கேட்ட உறுப்பினருக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது, பிறகு வந்துவிட்டார். இந்த விதியில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

சேர்த்துவைப்பது

காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார். மற்றவர்கள் எடைக்குப் போட்ட நாவல், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பழைய இதழ் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்கு யாராவது அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களை ஆராய்ந்தால் அங்கேதான் போய் நிற்பார்கள். மலிவுப் பதிப்பு என்று அவர் ஒதுக்கியிருந்தால் எவ்வளவோ போயிருக்கும்.

அவரை நினைத்துக்கொண்டு மதினியின் நான்கு படிகளையும் அச்செடுத்து, கூடவே வெளுத்த கயிறு ஒன்று, மஞ்சள் கயிறு ஒன்று, சுண்ணாம்பு பட்ட முடிச்சு ஒன்று, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கட்டி ஆச்சி அறையில் வைத்திருக்கிறோம். கோப்பின் மேல் பெயர்கள் எழுதும்போது 14 என்பதை 15 ஆக்கினோம்.

கடைசி வாசிப்பு

தை மாதத்தில் ஒரு ஞாயிறு நான்காவது படியை மதினியே சத்தமாக வாசித்தார். கொழுந்தனார் ஒத்துக்கொள்கிறார், சாந்தி தள்ளிப்போகிறது, பங்காளிகள் ஒவ்வொருவராகக் காரில் ஏறுகிறார்கள். பெரியவர் காவல்காரப் பெண்ணிடம் புடவையும் பணமும் வைத்த தட்டை நீட்டி, அதன் மேல் முகப்புச் சாவியையும் வைக்கிறார். அங்கே கதை முடிந்தது.

அக்கா கேட்டார்: "அவ வாங்கிக்கிட்டாளா?"

மதினி தாளைப் புரட்டினார். "எழுதலையே அக்கா."

"அத எழுதாம எப்படி?"

"நீங்கன்னா என்ன செய்வீங்க?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். ஆச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்குவேன். வேற எங்க போறது? ஆனா அன்னிக்கு வாங்க மாட்டேன். ஒரு ராத்திரி அவுகளே பூட்டி, அவுகளே காவல் இருக்கட்டும். காலையில வந்து வாங்கிக்குவேன்."

மதினி கைப்பேசியை எடுத்தார். தேவகோட்டைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.